எப்போது திறப்பது? வன்னிக் குளங்களும் தலைமையின் பொறுமையும்

பங்குனி மாதக் கடைசி. இலங்கையின் வடக்கே, வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறு குளத்தின் கட்டுக்குக் கீழே, மருதமர நிழலில் சிறுபோகத்துக்கான, அதாவது கோடை நெற்செய்கைக்கான, கூட்டம் நடந்தது. சனசமூக நிலையத்திலிருந்து இருபது கதிரைதான் வந்திருந்தது. மிச்சப் பேர் மோட்டார் சைக்கிளிலும் மரத்து வேரிலும் இருந்தார்கள். கதைக்க வேண்டிய விஷயம் இரண்டே இரண்டு: குளத்தில் நிற்கிற 7 அடித் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், துலுசை, அதாவது குளத்து மதகை, எந்தத் திகதியில் திறப்பது.

முதல் ஒரு மணித்தியாலம் முழுக்கச் சத்தம்தான். வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர்கள் அடுத்த கிழமையே திறக்கச் சொன்னார்கள். உழவு இயந்திரம் இப்போது விட்டால் கிடைக்காது என்றார் ஒருவர். போன வருடக் கணக்கைக் கிளறினார் இன்னொருவர். கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தர் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். கமக்கார (விவசாயிகள்) அமைப்பின் தலைவர் மட்டும் வாயே திறக்கவில்லை. மடியில் ஒரு சீ.ஆர். கொப்பி. யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் ஓர் இளம் கமக்காரர் எழும்பி, "ஐயா, நீங்கள் இப்பிடிப் பேசாமல் இருக்கிறதாலதான் எங்கட வயல் காயுது" என்றார். தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லு தம்பி, அதையும் எழுதுறன்" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எழுதினார், பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அப்புறம் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மாவைக் கூப்பிட்டார். கடைசி வாய்க்காலில் ஒன்றரை ஏக்கர் செய்கிறவர்.

"அக்கா, போன முறை உங்களுக்குத் தண்ணி எப்ப வந்தது?"

"இரவு ரெண்டு மணிக்கு வரும் தம்பி. விடியிறதுக்குள்ள நிண்டிடும். டோர்ச் லைட்டோட வரம்பில இருந்து பாத்துக்கொண்டிருப்பன். குடலைப் பருவத்தில ரெண்டு முறை வரவேயில்லை."

நெல் கதிர் வெளிவரும் முன் நிற்கிற பருவம் அது. கூட்டம் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் தலைவர் கொப்பியைப் புரட்டினார். குளத்தின் அடிக்கணக்கு, போன மூன்று வருடத்தில் எந்த மாதத்தில் எத்தனை அங்குலம் இறங்கியது, எத்தனை பேருக்கு அறுவடை கிடைக்கவில்லை என்று எல்லாவற்றையும் வாசித்தார். அரை மணித்தியாலத்தில் முடிவு வந்தது. ஏக்கரைக் குறைப்பது. மூன்று மாத நெல் மட்டும் விதைப்பது. துலுசு திறப்பதை இரண்டு கிழமை தள்ளிப் போடுவது, அதற்குள் எல்லாரும் வாய்க்கால் துப்பரவாக்கி வரம்பு கட்டிவிடுவது. முறைத் தண்ணீர் கடைசி வாய்க்காலில் இருந்து தொடங்குவது. அந்த இளைஞருக்குத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கை உயர்த்தினார்.

அந்த ஒரு மணித்தியால மௌனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தலைவனுக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். அது ஏன் வேண்டும், அது எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் அது பிழையாகிப் போகிறது என்று கேட்டால் பழமொழி ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். வன்னியில் இருந்து பார்த்தால் இதற்கு நல்ல விளக்கம் கிடைக்கும் என்பது என் எண்ணம். இங்கே வாழ்க்கையே தேக்கி வைத்த தண்ணீரை எப்போது திறப்பது என்ற கேள்வியில்தான் நடக்கிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். வன்னி உலர் வலயம். ஆண்டு மழையில் பெரும் பங்கு ஐப்பசி முதல் தை வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். மாரியில் செய்யும் காலபோகத்துக்கு வானம் கை கொடுக்கும். புழுதி விதைப்புச் செய்துவிட்டு முதல் மழைக்குக் காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. சிறுபோகம் அப்படி இல்லை. குளத்தில் எஞ்சி நிற்கிற தண்ணீர்தான் மூலதனம். அதுவும் நாளுக்கு நாள் கரைகிற மூலதனம். சோளகம் என்கிற தென்மேல் காற்றுத் தொடங்கிவிட்டால் காற்றும் வெயிலும் சேர்ந்து குளத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக, காத்திருப்பதற்கும் விலை உண்டு. பொறுமையாக இருக்கிறேன் என்று ஒரு தலைவர் ஆனி வரைக்கும் துலுசைப் பூட்டி வைத்தால் அவர் பொறுமைசாலி அல்ல, பயிரைக் கெடுத்தவர்.

அப்படியானால் அந்தத் தலைவர் ஏன் இரண்டு கிழமை தள்ளிப் போட்டார்? காரணம் இரண்டு. சித்திரையில் பின்னேரங்களில் இடியோடு மழை இரண்டு மூன்று பெய்வது வழக்கம். அது விழுந்தால் உழவுக்கும் சேறடிப்புக்கும் குளத்துத் தண்ணீர் மிச்சமாகும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். நெற்செய்கையில் நிலம் பண்படுத்தவே தண்ணீர் நிறையப் போகும். பத்துப் பேர் இன்று உழுது, இருபது பேர் பதினைந்து நாள் கழித்து உழுதால், வாய்க்கால் முழுக்க ஒரு மாதம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணுக்குள் இறங்குவதும் ஓரத்தில் கசிவதும் ஒரு மாதத்துக்கு. எல்லாரும் ஒரே கிழமையில் உழுதால் அது நன்றாகக் குறையும். முந்தித் தொடங்குவதை விட ஒன்றாகத் தொடங்குவதில்தான் தண்ணீர் மிஞ்சுகிறது. ஒன்றாகத் தொடங்க வேண்டுமானால் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். எல்லாரும் சம்மதிக்க வேண்டுமானால் எல்லாரும் கதைத்து முடிய வேண்டும். அந்தக் கூட்டத்தில் போன ஒரு மணித்தியாலம் வாய்க்காலில் பல நாள் தண்ணீராகத் திரும்பி வருகிறது. இதை நல்ல குணம் என்று மட்டும் சொன்னால் போதாது. அது நீர்ப்பாசன வேலையின் ஒரு பகுதி.

முன்னொரு காலத்தில் இந்த வேலையைக் கமவிதானை என்று ஒருவர் செய்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போனது, பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. இன்றைக்கு இருக்கிற கமக்கார அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கமவிதானை காலத்தில் முடிவு கெதியாக வந்தது என்று வயசானவர்கள் சொல்வார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவருக்கு வேண்டியவர்களின் வயல் எந்தக் காலத்திலும் காய்ந்ததில்லை என்றும் அதே ஆட்கள்தான் சொல்வார்கள். கூட்டம் போட்டு முடிவெடுக்கிற முறை இழுபறியானது. அந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளக்கூடிய ஒருவர் கதிரையில் இருந்தால்தான் அது பலன் தரும்.

பொறுமை பிழையாகிப்போகிற இடத்தையும் இதே வன்னியில் பார்த்தோம். இரணைமடு வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம். கனகராயன் ஆற்றை மறித்து, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினார்கள். அதன் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. அண்மைப் புனரமைப்பில் குளத்தின் கொள்மட்டத்தை 34 அடியில் இருந்து 36 அடிக்கு உயர்த்தினார்கள். வேலை முடிந்து 2018 டிசம்பர் தொடக்கத்தில் விழா நடந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு, 21 ஆம் திகதி இரவு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மழை பேய்த்தனமாகப் பெய்தது. குளம் நிரம்பி, 14 வான்கதவுகளும் திறக்கப்பட்டன. குளத்துக்குக் கீழே இருந்த ஊர்களில் வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வெள்ளம். கதவுகளை முந்தியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமே என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது, விசாரணையும் வந்தது.

யார் பிழை என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு குளத்தின் பொறுப்பில் இருப்பவர் எவ்வளவு இக்கட்டில் நிற்கிறார் என்பதைத்தான் காட்டுகிறேன். முந்தித் திறந்து, பிறகு மழை பெய்யாமல் போனால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை, கமக்காரர் சும்மா விடமாட்டார்கள். பிந்தித் திறந்தால் வெள்ளம். இந்த இரண்டுக்கும் நடுவில் காத்திருக்கிறவர் சும்மா காத்திருக்க முடியாது. மேலே மாங்குளம், கனகராயன்குளம் பக்கம் எத்தனை மில்லிமீற்றர் பெய்தது, ஆற்றில் என்ன வருகிறது, அளவுகோல் எத்தனை அடி என்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எந்த மட்டம் வந்தால் எத்தனை கதவு திறப்பது என்பது மழைக்கு முந்தியே எழுத்தில் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பது பொறுமையில் சேராது.

திருக்குறளில் இது சம்பந்தமாக ஒரு விஷயம் எனக்கு எப்போதும் பிடிக்கும். பொறையுடைமை என்ற அதிகாரம் அறத்துப்பாலில், இல்லறவியலில் இருக்கிறது. அது எல்லா மனிதருக்கும் பொது. பொருட்பாலில் அரசனைப் பற்றிப் பேசுகிறபோது வள்ளுவர் அந்தப் பெயரில் ஓர் அதிகாரம் வைக்கவில்லை. அங்கே அவர் வைத்தது காலமறிதல், அதாவது எப்போது செய்வது என்று அறிவது. ஆனால் இறைமாட்சி அதிகாரத்தில் ஒரு குறளில் பொறுத்தல் என்ற சொல் வருகிறது:

செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்
கவிகைக்கீழ்த் தங்கும் உலகு.

காது கசக்கக் கசக்கச் சொல்லப்படுகிற வார்த்தையைப் பொறுக்கிற அரசனின் குடை நிழலில்தான் உலகம் தங்கும் என்கிறார். இங்கே தன் கீழ் உள்ளவன் சொல்கிற கசப்பைப் பொறுக்கும்படி கேட்பது அரசனிடம். குடிகளைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. சீ.ஆர். கொப்பியில் "நீங்கள் பேசாமல் இருக்கிறதாலதான்" என்று தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தானே எழுதிக்கொண்ட அந்த மனிதர் எனக்கு இந்தக் குறளின் உரையாகத் தெரிந்தார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் பொறுமை என்ற சொல்லே காயப்பட்ட சொல். மேலே இருந்து கீழே சொல்லப்பட்ட பொறுமையைத்தான் நாங்கள் நிறையக் கேட்டோம். போர் முடிந்த 2009 இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் கம்பி வேலிக்குள் இருந்தது. தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை, காணாமல் போன பிள்ளையின் பெயரைப் பதிய வரிசை. மஞ்சள் பிளாஸ்டிக் கானை வரிசையில் வைத்துவிட்டு, அது தன் இடம் என்று காட்ட ஒரு கல்லை மேலே வைப்போம். கானுக்குப் பதிலாக வெறும் கல் மட்டும் வரிசையில் நின்ற நாட்களும் உண்டு. முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் அப்போதும் தங்கள் ஊருக்குப் போகவில்லை, சீனியாமோட்டையில் குடியேற்றப்பட்டார்கள். பொறுமையாக இருங்கள், காணி விடுவிக்கப்படும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 இல் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். காணாமல் போனவர்களைத் தேடவென ஒரு அலுவலகம் அமைக்கும் சட்டம் அதற்கு முந்திய வருடமே நிறைவேறியிருந்தது. கொட்டில் போட்டு, பிள்ளைகளின் படங்களை மாட்டி, நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தபடியே கண்ணை மூடிய தாய் தகப்பன் எத்தனையோ பேர். அவர்களிடம் போய்ப் பொறுமையின் மகிமையை யாராவது பேச முடியுமா? அவர்களிடம் இல்லாத பொறுமை யாரிடம் இருக்கிறது? மக்களைக் காக்க வைப்பதற்கும் தலைவர் தானே பொறுத்துக் காத்திருப்பதற்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மறந்துவிட்டு இந்த விஷயத்தை எழுதக் கூடாது. ஒரு சோதனை போதும்: காத்திருக்கும்போது யார் இழக்கிறார்கள்? தலைவர் காத்திருக்க, இழப்பு அவருடையதாக இருந்தால் அது பொறுமை. தலைவர் காத்திருக்க, இழப்பு மற்றவர்களுடையதாக இருந்தால் அதற்கு வேறு பெயர்.

இரணைதீவுச் சனம் இந்த வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பூநகரிக் கடலில் இருக்கிற அந்தத் தீவில் இருந்து 1992 இல் இடம்பெயர்ந்து, முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் இருந்தார்கள். போர் முடிந்த பிறகும் தீவில் கடற்படை இருந்தது. 2017 மே முதலாம் திகதி கரையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கூட்டங்களுக்குப் போனார்கள், கடிதம் கொடுத்தார்கள், வந்த அதிகாரிகளிடம் உறுதிமொழி வாங்கினார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் ஓடியது. 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் ஏறித் தீவுக்கே போய் இறங்கினார்கள். தங்கள் கோயிலுக்குப் போய்ச் செபம் செய்தார்கள். திரும்பி வர மறுத்தார்கள். மே மாதத்தில் அரசாங்கம் மீள்குடியேற்றத்துக்குச் சம்மதித்தது.

இதில் நான் கவனிப்பது அந்த ஒரு வருடத்தை. முதல் நாளே படகேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வருடம் வீணாகப் போகவில்லை. கேட்க வேண்டிய எல்லாரையும் கேட்டாயிற்று, கொடுக்க வேண்டிய எல்லாக் கடிதமும் கொடுத்தாயிற்று, சொன்ன எல்லாத் தவணையும் தப்பிப் போயிற்று என்று நாட்டுக்கும் உலகத்துக்கும் காட்டப்பட்டது அந்த ஒரு வருடத்தில்தான். போகிறவர்களுக்குள்ளும் ஒரு மனம் உண்டாக அந்த ஒரு வருடம் தேவைப்பட்டது. பயந்தவர்களை இழுத்துக்கொண்டு போகவில்லை, அவர்கள் பயம் தெளியும் வரை இருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம், போதும் என்று முடிவெடுத்த நாளில் தாமதிக்கவும் இல்லை. துலுசு திறக்கிற நேரம் தெரிந்தவர்கள் அவர்கள்.

அவசரம் எப்படி நீண்ட தாமதத்தில் முடிகிறது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லலாம். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகிற திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் நிதி ஒப்புக்கொண்டது. யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் தேவை என்பதில் ஐயம் இல்லை. அங்கே கிணறுகள் உவராவதும், எண்ணெயும் நைத்திரேற்றும் கலப்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வரைபடம் போட்டு, காசும் ஒதுக்கிய பிறகுதான் கிளிநொச்சிக் கமக்காரரிடம் அது பேச்சாக வந்தது. சிறுபோகத்துக்கே முழு வயலுக்கும் தண்ணீர் போதாத குளத்தில் இருந்து எப்படி எடுப்பீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். முதலில் குளத்தைக் கட்டுங்கள், நிரப்பிக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதைக் கேட்டவர்களைப் பிரதேசவாதிகள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அது பெரிய பிழை. இரண்டு பக்கமும் தமிழ்ச் சனம், இரண்டு பக்கமும் தாகம். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் என்று திட்டம் மாறி, அது திறக்கப்பட்டது 2024 இல். 14 வருடம்! தொடக்கத்தில் ஆறு மாதம் வயல் வரம்பில் இருந்து கேட்டிருந்தால் இந்த வருடங்களில் எத்தனையை மிச்சம் பிடித்திருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கிறேன். கேட்பதற்கு நேரமில்லை என்று சொல்கிற தலைமைதான் கடைசியில் கூடிய நேரத்தைச் செலவழிக்கிறது.

இனி ஒரு கேள்வி வரும். இதெல்லாம் ஆளின் குணத்தைப் பொறுத்தது, கோபக்காரன் ஒருவன் தலைவனாக வந்தால் என்ன செய்வது? வன்னியின் வடக்கு வாசலில், முகமாலையில், இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு போர் முனை பல வருடம் நிலைத்து நின்ற இடம் அது. பனங்காணிகளுக்குள் வரிசை வரிசையாகக் கண்ணிவெடி. அதை அகற்றும் வேலையில் வன்னிப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள்.

அந்த வேலையை ஒரு தடவை தூரத்தில் நின்று பார்த்தேன். ஒரு மீற்றர் அகலத்தில் கயிறு பிடித்த ஒடுங்கிய பாதை. மார்பை மூடிய கனத்த அங்கி, முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடிக் கவசம். முழங்காலில் இருந்து, நீளக் காம்புள்ள வாரியால் மண்ணை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுக்கிறார். கை வேகம் மாறவே இல்லை. ஏதாவது தட்டுப்பட்டால் வாரியை வைத்துவிட்டு எழும்பிப் பின்னால் வந்துவிடுவார். குழுத் தலைவி வந்து பார்ப்பார். வெயில் ஏறிவிட்டால் குறித்த நேரத்துக்கு ஓய்வு. களைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் செய்கிறேன் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். ஒரு நாளில் அவர் தாண்டுகிற தூரத்தை நாங்கள் நாலு எட்டில் நடந்துவிடுவோம்.

அங்கே குழுத் தலைவியின் பொறுமை அவருடைய சுபாவத்தை நம்பி விடப்படவில்லை. எப்போது நிற்க வேண்டும், யார் பார்க்க வேண்டும், எத்தனை நிமிடம் ஓய்வு என்று எல்லாம் விதியாக எழுதி வைத்திருக்கிறது. அவர் கோபக்காரராக இருக்கலாம், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மனம் பதறிக்கொண்டிருக்கலாம். விதி அவரைப் பொறுமைசாலியாக வைத்திருக்கும். எங்கள் சங்கங்களுக்கும் சபைகளுக்கும் இதில் பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடைசி வாய்க்காலில் உள்ளவர் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தால், தலைவர் நல்லவரா இல்லையா என்று பார்க்க வேண்டிய தேவை குறையும். குளத்தின் அடிக்கணக்கைக் கிழமைக்கு ஒரு தரம் கடைச் சுவரில் எழுதி ஒட்டினால், காத்திருப்பது ஏன் என்று சனத்துக்கே விளங்கும். காரணம் தெரிந்து காத்திருக்கிறவனுக்குக் கோபம் வராது, வந்தாலும் தாங்கும்.

எங்கள் ஊர்களில் நடக்கிற இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஆள் இருபது வருடம் தலைவராக இருந்துவிட்டு, அதைப் பொறுமை என்று நினைக்கிறார்கள். பொதுக்கூட்டம் தள்ளிப்போகும், கணக்கறிக்கை தள்ளிப்போகும், தெரிவு தள்ளிப்போகும். நான் இருந்த ஒரு சங்கத்தில் மூன்று வருடம் பொதுக்கூட்டமே நடக்கவில்லை. கேட்டால், "அவசரப்படாதேங்கோ, எல்லாம் நடக்கும்" என்பார்கள். இளம் பிள்ளைகள் இரண்டு தடவை கேட்டார்கள், மூன்றாம் தடவை கேட்கவில்லை, சங்கத்துக்கே வரவில்லை. இதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குப் பொறுமை என்றாலே மூத்தவர்களின் தந்திரம் என்று படுவதில் ஆச்சரியம் இல்லை. அந்த எண்ணத்தை மாற்ற வேண்டியவர்கள் மூத்தவர்கள்தான். இளையவர்களைத் திட்டி அது மாறாது.

அந்தச் சிறு குளத்துக்குத் திரும்புகிறேன். எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. வாய்க்கால் தலைப்பில் ஒருவர் கூட்டத்து முடிவுக்கு மேலாக ஒரு ஏக்கர் விதைத்துவிட்டார். தலைவருக்கு அவர் சொந்தம், பெண் கொடுத்து எடுத்த உறவு. தண்ணீர் கேட்டு வீட்டுக்குப் போனாராம். தலைவர் தேத்தண்ணி கொடுத்து, ஒரு பின்னேரம் முழுக்க இருத்தி, அவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கடைசியில் கூட்டம் போட்டுக் கேட்போம் என்றிருக்கிறார். கூட்டத்தில் எல்லாரும் முடியாது என்றார்கள். அந்த ஒரு ஏக்கர் கருகிப்போனது. சொந்தக்காரர் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை.

ஆனிக் கடைசியில் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. கடைசி வாய்க்கால் ஓரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். அந்த அம்மா மண்வெட்டியோடு வரம்பில் நின்றார். பின்னேரம் மூன்று மணி இருக்கும். வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர், சருகைத் தள்ளிக்கொண்டு மெல்ல வந்துகொண்டிருந்தது. நெல்லு குடலையில் நின்றது.

"பகலில வருது" என்றார்.